மலபார் கலெக்டர், பர்மா ஆளுநர்

பாலக்காட்டு நிலவுடைமையை ஆராய முற்படும் எவரும் 1908இல் வெளிவந்த மலபார் கெசட்டியரைப் புரட்டாமல் இருக்க இயலாது. நானும் அதை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தி வருகிறேன். அடிக்குறிப்புகளில் ‘இன்னெஸ்’ என்று மட்டும் எழுதி நாம் கடந்துவிடும் அதன் ஆசிரியரின் பதவி வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்த பிறகு, அந்நூலை வேறு விதமாகப் படிக்கத் தொடங்கினேன்.

சார்லஸ் அலெக்சாண்டர் இன்னெஸ் 1898இல் இந்தியக் குடிமைப் பணியில் சேர்ந்தவர். 1911 முதல் 1915 வரை மலபார் கலெக்டர். பாலக்காடு அன்று அம்மாவட்டத்தின் ஒரு தாலுகா. கடுங்குத்தகை, உறுதியற்ற அனுபவ உரிமை, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை காணத்தைப் புதுப்பிக்க ஜன்மி கேட்கும் பெருந்தொகை ஆகியவற்றை 1915இல் தாம் எழுதிய குறிப்பில் அவர் எடுத்துரைத்தார். 1880களில் லோகனும் இவற்றைச் சொல்லியிருந்தார். ஆயினும் சட்டம் வரவில்லை. 1921இல் மாப்பிள்ளைக் கிளர்ச்சி வெடித்தது. மலபார் குத்தகைச் சட்டம் 1930இல்தான் நடைமுறைக்கு வந்தது.

இடைப்பட்ட காலத்தில் இன்னெஸ் வைசிராயின் நிர்வாக சபை உறுப்பினராகி, 1927 டிசம்பரில் பர்மாவின் ஆளுநரானார். அங்கும் நிலமே பிரச்சினை. நெல் விலை சரிந்தது. வரியும் கடனும் குறையவில்லை. 1930 டிசம்பரில் தாராவதியில் சாயா சான் தலைமையில் உழவர்கள் எழுந்தபோது இன்னெஸ் விடுப்பில் இருந்தார். மாங் ஜீ என்பவர் ஆளுநர் பொறுப்பை வகித்தார். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதும், 1931 நவம்பரில் சாயா சான் தூக்கிலிடப்பட்டதும் இன்னெஸின் ஆட்சிக் காலத்தில்தான்.

தமிழ் ஆய்வாளர்கள் மறக்கலாகாத ஒன்றும் இதில் உண்டு. பர்மிய உழவருக்குக் கடன் கொடுத்தவர்களுள் முதன்மையானோர் செட்டிநாட்டு வணிகர்கள். 1930களின் இறுதிக்குள் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு அவர்கள் கைக்குச் சென்றது. பாலக்காட்டுக் குடியானவருக்காக வாதிடும் நம் ஆய்வு, தாராவதி உழவரைப் பற்றி மௌனம் காப்பது நேர்மையன்று.

இன்னெஸ் அறியாதவர் அல்லர். அறிந்தார், எழுதினார், பதவி உயர்ந்தார். குறிப்பு கோப்பில் தங்கியது. காணக்குடியானவர் மேலும் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தார். குடியேற்ற அரசு அறியாமையால் தவறிழைத்தது என்று எழுதும் மாணவ நண்பர்கள், அந்தப் பதினைந்து ஆண்டுகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு கோப்பில் என்ன எழுதப்பட்டது என்பதோடு, எழுதிய பின் யாருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் கேட்பதே நம் வேலை.