சூப்பர்சார்ஜர் வண்டியில் முதலில் எதை மாற்றுவது? ஒரு நீண்ட இழை

கொஞ்சம் நீளமான இழை. இன்னைக்கு வார்டு கதை இல்லை, கார் கதை. ஆனா நடுவுல வார்டும் வரும். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

அபிராமபுரத்துல எங்க அபார்ட்மென்ட் கீழ ஒரு 2009 மாடல் மெர்சிடிஸ் சி 200 கம்ப்ரஸர் நிக்குது. பெரியப்பா ஆசையா வச்சிருந்த வண்டி. அவர் போன பிறகு அவர் பையனுக்கு வந்தது. தம்பிக்கு வயசு 26. கையில 2 லட்சம் சேர்த்து வச்சுக்கிட்டு ஒரு லிஸ்ட்டோட வந்தான். "அண்ணா, சின்ன புல்லி, ஈசியூ ரீமேப், கோல்ட் ஏர் இன்டேக். மூணும் போட்டா வண்டி பறக்கும்." நான் மெக்கானிக் இல்லை, எம்பிபிஎஸ். ஆனா இந்தக் கார் பைத்தியம் எனக்கும் உண்டுன்னு அவனுக்குத் தெரியும். இதே கேள்வியோட இன்பாக்ஸ்ல வர்றவங்களும் இருக்கீங்க. அவன்கிட்ட சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன்.

எஞ்சினுக்குள்ள அதிகக் காற்றை அழுத்தி அனுப்பினா அதிகப் பெட்ரோல் எரிக்கலாம், அதிக சக்தி கிடைக்கும். டர்போ இந்த வேலையைப் புகையோட வேகத்தை வச்சுச் செய்யும். சூப்பர்சார்ஜர் எஞ்சினோட பெல்ட்லயே சுத்தும். அதனாலதான் மிதிச்ச உடனே இழுக்குது. அதனாலதான் எஞ்சின் சக்தியில ஒரு பங்கை அதுவே தின்னுடுது. இந்த வண்டியில இருக்கிறது ரூட்ஸ் வகை. அமெரிக்காவுல ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல காப்புரிமை வாங்கின ஊதுகருவியோட வாரிசு. காருக்காகப் பிறந்ததே இல்லை, உலைக்குக் காற்று ஊத வந்தது. மெர்சிடிஸ் அதைக் காருக்குக் கொண்டுவந்து 1921 பெர்லின் கண்காட்சியில வச்சது.

ஒரு சின்னக் கிளைக்கதை. சூப்பர்சார்ஜர்னாலே வேகம்னு நினைக்காதீங்க. நம்ம ஒரகடத்துல 2010-ல திறந்த ரெனோ-நிசான் ஆலையிலிருந்து மைக்ரா கார்கள் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறின. அங்க வித்த ஒரு ரகத்துல மூணு சிலிண்டர், 1.2 லிட்டர், சூப்பர்சார்ஜர், 98 குதிரைசக்தி. எல்லாம் மைலேஜுக்காக! நம்ம ஊர்ல அது விற்பனைக்கே வரலை.

சரி, புல்லி. சூப்பர்சார்ஜர் புல்லியை 10 சதவீதம் சின்னதாக்கினா அது ஏறக்குறைய 11 சதவீதம் வேகமாச் சுத்தும். காற்று அதிகம், சூடும் அதிகம். இங்கதான் சென்னை வெயில் குறுக்க வருது. வெளியில 40 டிகிரி இருக்கும்போது, இந்த மாதிரி ஊதுகருவி அரை பார் அழுத்தம் ஏத்தினா, உள்ள வர்ற காற்று 100 டிகிரியைத் தொடும். இன்டர்கூலர் அதைக் குறைக்கணும். சி.பி. ராமசாமி சாலை நெரிசல்ல ஊர்ந்து போகும்போது இன்டர்கூலருக்கு எங்கிருந்து காற்று கிடைக்கும்? சூடான காற்றுல பெட்ரோல் நேரத்துக்கு முன்னாடியே தானா வெடிக்கும், அதான் நாக்கிங். எஞ்சின் கம்ப்யூட்டர் அதைக் கேட்டதும் தீப்பொறியைத் தள்ளிப் போடும், சக்தி குறையும். ஆக, காசு கொடுத்து வாங்கின குதிரைகளை மே மாசம் வண்டியே திருப்பி வாங்கிக்கும்.

இதைவிட முக்கியம், வண்டியோட உடம்பு. எக்கோ, டிரெட்மில் எதுவும் பார்க்காம அறுபது வயசுக்காரரை மாரத்தான் ஓடச் சொல்ல மாட்டேன். இந்த 1.8 லிட்டர் எஞ்சினுக்குப் பேர்போன வியாதி டைமிங் செயின் நீண்டுபோறது, அதோட கேம்ஷாஃப்ட் பல்சக்கரம் தேயறது. காலையில ஸ்டார்ட் பண்ணின உடனே இரண்டு நொடி கடகடன்னு சத்தம் வந்தா அதுதான் அறிகுறி. தம்பி வண்டியில அந்தச் சத்தம் இருக்கு. அவன் அதை "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்"னு விட்டிருந்தான். செயின் ஒரு பல் தாண்டினா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும், அப்புறம் எந்தப் புல்லியும் வேண்டாம். சூப்பர்சார்ஜருக்குள்ள இருக்கிற பல்சக்கரங்களுக்குத் தனி ஆயில் உண்டு, எஞ்சின் ஆயில் மாத்தும்போது அது மாறாது. பல வண்டிகள்ல அது பிறந்ததிலிருந்து அதே ஆயில்தான்.

கோல்ட் ஏர் இன்டேக்கை நான் ஒரே வார்த்தையில வேண்டாம்னுட்டேன். குளிர்ந்த காற்று தேடி ஃபில்டரைக் கீழ இறக்குறவங்க நம்ம ஊர் டிசம்பரை மறந்துடறாங்க. 2023 மிக்ஜாம் புயலப்போ தென்சென்னை எப்படி இருந்தது? ஒரு டம்ளர் தண்ணி சிலிண்டருக்குள்ள போனா போதும். தண்ணியை அழுத்த முடியாது, கனெக்டிங் ராட்தான் வளையும்.

இப்ப வார்டு. ராத்திரி டூட்டியில ஈசிஆர் பக்கத்திலிருந்து 108-ல வர்ற பசங்களைப் பார்த்திருக்கேன். பெரும்பாலும் தம்பி வயசு. அரசாங்கம் 2021 டிசம்பர்ல 'நம்மைக் காக்கும் 48' கொண்டுவந்தது, முதல் 48 மணி நேர சிகிச்சைக்குக் காசு தடையில்லை. நல்ல திட்டம். ஆனா அது மோதினதுக்கு அப்புறம். மோதாம நிக்கிறது டயரும் பிரேக்கும். வேகம் 60-லிருந்து 80 ஆனா பிரேக் தின்னவேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட 1.8 மடங்கு. தம்பி வண்டி டயர் ஓரத்துல 1418-னு இருந்தது. 2018-ம் வருஷம் 14-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பட்டன் நல்லா இருக்கு, ரப்பர் கல்லாயிடுச்சு. பிரேக் ஆயில் எப்போ மாத்தினதுன்னு கேட்டேன், முழிச்சான். அது காற்றிலிருந்து ஈரம் குடிக்கும், சூடானா கொதிக்கும். அப்ப பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். நீங்களும் இன்னைக்கே கீழ போய் உங்க டயர் நம்பரைப் பாருங்க.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்கள் மாறக்கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணிடுச்சு. அதே வருஷத் திருத்தத்துல அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை சிறையும் உண்டு. மாத்தினதைச் சொல்லலைன்னா இன்ஷூரன்ஸ்காரன் கைவிரிக்க அதுவே சாக்கு. இந்த வண்டிக்கு 15 வருஷம் முடிஞ்சு 2024-ல ஆர்.சி. புதுப்பிச்சாச்சு. 2029-ல மறுபடி மந்தைவெளி ஆர்டிஓ முன்னாடி நிக்கணும்.

அதனால நான் போட்டுக் கொடுத்த வரிசை: செயின், பல்சக்கரம். அப்புறம் எல்லா ஆயிலும் கூலன்ட்டும், இன்டர்கூலரைக் கழட்டிச் சுத்தம் பண்றது. அப்புறம் டயர், பிரேக் பேட், பிரேக் ஆயில். டேங்க் மூடியில கேட்கிற 95 ஆக்டேன் பெட்ரோல். இவ்வளவு பண்ணினாலே தொலைஞ்சுபோன குதிரைகள்ல பாதி திரும்ப வரும். கம்பெனி கொடுத்த 184 குதிரையே இப்ப முழுசா இல்லைங்கிறது என் சந்தேகம். அதுக்கு மேலயும் ஆசை இருந்தா இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கு, ஹெல்மெட் போட்டுக்கிட்டு அங்க போகட்டும், நானும் வரேன்.

தம்பிக்கு முழுத் திருப்தி இல்லை. "2 லட்சம் செலவு பண்ணி ஒரு குதிரைகூட ஏறலையான்னு ஃப்ரெண்ட்ஸ் கேப்பாங்கண்ணா"ன்னான். கேக்கட்டும். செயின் வேலைக்கு வண்டி திங்கட்கிழமை போகுது. மீதியில முதல்ல டயர்.