பத்தமடைப் பாயும் கூலிக் கணக்கும்

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் சாலையில், சேரன்மகாதேவிக்குச் சற்று முன்னால் இருக்கிறது பத்தமடை. லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறைகளாகக் கோரைப்பாய் நெய்துவரும் ஊர். இன்று தறியில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பிளாஸ்டிக்கைத் தவிர்த்து மண்ணுக்குக் கேடில்லாத பொருளாக வாங்க வேண்டும் என்று நினைக்கும் நகரத்துக் குடும்பங்கள் இப்போது இந்தப் பாயைத் தேடி வருகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் பாய் எதனால் ஆனது என்று கேட்பவர்களில் எத்தனை பேர், யார் நெய்தது, எத்தனை நாள் ஆனது, அவருக்குக் கையில் என்ன கிடைத்தது என்று கேட்கிறார்கள்? தறியருகே நின்று பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவது இதுதான்: கூலியைப் பற்றிய கேள்வியைச் சுற்றுச்சூழல் கேள்வியிலிருந்து பிரிக்க முடியாது. நெய்பவருக்குக் கட்டுப்படியாகாத பாய் நாளைக்குக் கடையில் இருக்காது. அந்த இடத்தில் பிளாஸ்டிக் பாய்தான் இருக்கும்.

வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் விலை புரியும். தாமிரபரணிக் கரையோர ஈரநிலத்தில் விளையும் கோரையைப் பச்சையாக அறுத்து, நீளவாக்கில் கீறி, உள்ளிருக்கும் தக்கையைக் கத்தியால் வழித்து எடுக்கிறார்கள். பிறகு வெயிலில் காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடியும் காயவைக்கிறார்கள். முரட்டுப் பாய்க்குக் கோரையை ஒன்றிரண்டாகக் கீறினால் போதும். பட்டுப்பாய்க்கோ நூல்போல மெல்லிசாகும்வரை கிழிக்க வேண்டும். கிழித்த இழைகளில் சீரற்றவையும் நிறம் மங்கியவையும் கழிந்துபோகும். தறி தரையோடு தரையாகக் கிடக்கிறது. இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, பருத்தி நூலிலோ பட்டு நூலிலோ பாவு இழுத்து, அதன்மேல் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொரு கோரையாக உள்ளே செலுத்தி, அச்சுக்கட்டையால் நெருக்கித் தட்டுகிறார்கள். ஊடு இழை ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கையால் போவதால் வேகம் கூட்ட வழியே இல்லை. 100, 120, 140 கவுன்ட் என்று எண் ஏற ஏற இழை மெலிகிறது, பாவு நெருங்குகிறது, நாள் கூடுகிறது. கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரை நெய்ய வேண்டுமென்றால் எழுத்து வரும் இடத்தில் நிறக்கோரையை எண்ணி எண்ணிச் சேர்க்க வேண்டும். முதுகும் கண்ணும் சேர்ந்து தேயும் வேலை இது.

இதைக் கூலிக் கணக்காக மாற்றிப் பார்ப்போம். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26இல் அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். இதை யாரும் தாராளமான கூலி என்று சொல்ல மாட்டார்கள். ஒரு நயமான பாய்க்குக் கோரை கிழிப்பதிலிருந்து ஓரம் கட்டுவதுவரை ஒருவருடைய 20 நாள் உழைப்பு என்று வைத்துக்கொண்டாலும் கூலி மட்டும் 6,720 ரூபாய் ஆகிறது. கோரை, நூல், சாயம், கடைக்காரர் பங்கு எல்லாம் அதற்கு மேல். அப்படியானால் இத்தகைய பாயை மூவாயிரத்துக்கு வாங்கிவிட்டதாக ஒருவர் மகிழும்போது, மீதியை யாரோ ஒரு பெண் தன் உழைப்பிலிருந்து போட்டிருக்கிறார். மீனும் துணியும் பேரம் பேசி வாங்கிப் பழகிய நமக்கு இங்கேயும் அதே வழக்கம் வந்துவிடுகிறது. ஆனால் இந்தப் பாயின் விலையில் குறைக்கக்கூடிய பெரிய பகுதி கூலி ஒன்றுதான்.

புவிசார் குறியீடு இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். அந்தக் குறியீடு பத்தமடைப் பாய்க்கு உண்டு. போலிகளிடமிருந்து ஊரின் பெயரைக் காப்பாற்ற அது தேவையும்கூட. ஆனால் அது ஊருக்கும் செய்முறைக்கும் சாட்சி, கூலிக்கு அல்ல. 2024இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பொய்யான பசுமை விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு விதிகள் கொண்டுவந்தது. இயற்கைக்கு உகந்தது என்று சொல்லும் நிறுவனம் ஆதாரம் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். வரவேற்க வேண்டிய விதிதான் என்றாலும் உழைத்தவருக்கு என்ன கிடைத்தது என்பது அதன் எல்லைக்குள் வரவில்லை. சாயத்திலும் கேட்க வேண்டியது உண்டு. ஒரு காலத்தில் சிவப்புக்குப் பதிமுகக் கட்டையைக் கொதிக்கவைத்தார்கள். இன்று பெரும்பாலும் ரசாயனச் சாயம்தான். கோரை என்பதாலேயே எல்லாம் இயற்கை என்று எடுத்துக்கொள்ள முடியாது. இயற்கைச் சாயம் வேண்டுமென்றால் அதற்கு ஆகும் கூடுதல் நாளுக்கும் பணம் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும்.

இவ்வளவு விலை கொடுத்து ஏழைகள் எப்படிப் பாய் வாங்குவது என்பது நியாயமான கேள்வி. தினக்கூலிக் குடும்பம் ஒன்று பிளாஸ்டிக் பாய் வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். கழுவலாம், மழையில் நனைந்தாலும் கவலையில்லை, விலையும் குறைவு. அந்தப் பாயின் பாலிப்புரொப்பிலீன் வெயிலில் நொறுங்கித் தூளாகி மண்ணில் மட்காமல் கிடப்பதற்கு அந்தக் குடும்பத்தைப் பொறுப்பாக்குவது அநியாயம். தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்த 14 வகைப் பொருள்களில் பாய் இல்லை, இருக்கவும் தேவையில்லை. கையால் நெய்த பட்டுப்பாய் வாங்கும் சக்தி உள்ளவர் பேரம் பேசாமல் வாங்கட்டும் என்பதுதான் என் வாதம். நடுவில் விசைத்தறிக் கோரைப்பாய் இருக்கிறது. காவிரிக்கரைக் கோரையில் நெய்து நியாயமான விலைக்கு வரும் அந்தப் பாய், பாவு நைலானாக இல்லாமல் பருத்தியாக இருந்தால், அன்றாடப் படுக்கைக்கு நல்ல தேர்வு. கைப்பாய் என்று பெயர் சூட்டி அதை விற்பதுதான் தவறு. அந்தப் பொய் கைத்தறிக்காரரின் கூலியை நேரடியாக இழுத்துக் கீழே போடுகிறது.

ஒருவர் ஒரு பாய் வாங்குவதால் என்ன மாறிவிடும் என்பார்கள். தனியாள் வாங்குவது சிறிய அளவு என்பது உண்மை. அதனால்தான் மொத்தமாக வாங்குகிறவர்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. சித்த மருத்துவமனைகள், யோகா மையங்கள், கல்யாண மண்டபங்கள், விருந்தினருக்கு நினைவுப்பரிசு வாங்கும் அரசுத் துறைகள் எல்லாம் ஒப்பந்தப்புள்ளி கேட்கும்போது மிகக் குறைந்த விலையைத் தேர்ந்தெடுக்கின்றன. விலையோடு நெசவு நாளையும் கொடுத்த கூலியையும் எழுதிக் கேட்டால், குறைந்த விலை எங்கிருந்து வந்தது என்பது அந்தக் காகிதத்திலேயே தெரிந்துவிடும். பூம்புகார் போன்ற அரசு விற்பனை நிலையங்கள் நாளைக்கே செய்யக்கூடிய காரியமும் உண்டு: பாயின் விலைச்சீட்டில் கவுன்ட், சாயத்தின் வகை, நெய்த நாள்கள், நெய்தவருக்குக் கொடுத்த தொகை ஆகிய நான்கு வரிகளை அச்சடிப்பது. தனியார் கடைகள் அதைப் பின்பற்றச் சில வருஷங்கள் ஆகலாம். அதுவரை வாங்குகிறவர் கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்கலாம்.