‘கிளெய்ம்’ யாருக்கு, ‘ஷோ’ யாருக்கு?

ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதுவோர் நாள்தோறும் தடுக்கி நிற்கும் ஓர் இடம் உண்டு. முன்னோர் ஒருவரின் கருத்தை எடுத்துரைக்க வேண்டும். அவர் அதைச் ‘சே’ செய்தாரா, ‘ஆர்க்யூ’ செய்தாரா, ‘சஜஸ்ட்’ செய்தாரா, ‘கிளெய்ம்’ செய்தாரா, ‘பாயிண்ட் அவுட்’ செய்தாரா? ஆய்வெழுத்துப் பட்டறைகளில் இவ்வினைகளை நீண்ட பட்டியலாகத் தந்து, ஒன்றையே திரும்ப ஆளாமல் மாற்றி மாற்றி ஆளுங்கள் என்று அறிவுறுத்துவார்கள். நடை சலிக்காமல் இருக்கவாம். எழுத்துப் பயிற்சியில் இதைவிடத் தீங்கான அறிவுரையை நான் கேட்டதில்லை.

ஏனெனில் இவை நடைக்கான வினைகள் அல்ல, பொறுப்புக்கான வினைகள். ‘ஆர்க்யூ’ என்றால் அவர் காரணங்களை அடுக்கினார் என்ற மதிப்பைத் தருகிறோம். ‘சஜஸ்ட்’ என்றால் அவரே சற்றுத் தயங்கித்தான் சொன்னார் என்கிறோம். ‘பாயிண்ட் அவுட்’ என்று எழுதியவுடன், அவர் சொன்னது உண்மை என்று நாமும் கையெழுத்திட்டுவிடுகிறோம். ‘கிளெய்ம்’ என்றாலோ அது அவர் பாடு, நமக்குப் பொறுப்பில்லை. பால் கிப்பார்ஸ்கியும் கேரல் கிப்பார்ஸ்கியும் 1970இல் வெளியிட்ட ‘ஃபேக்ட்’ என்னும் கட்டுரைக்குப் பிறகு, மொழியியல் மாணவர் அனைவரும் அறிந்த வேறுபாடுதான் இது. எதிர்மறையாக்கிப் பார்த்தால் துலங்கும்: அவர் ஒன்றைப் ‘பாயிண்ட் அவுட்’ செய்யவில்லை என்றாலும் அந்த ஒன்று உண்மையாகவே நிற்கிறது, ‘கிளெய்ம்’ செய்யவில்லை என்றால் எதுவும் நிற்பதில்லை. ‘ஷோ’ இரண்டுக்கும் நடுவில்: உடன்பாட்டில் உறுதி தரும், எதிர்மறையில் கைவிட்டுவிடும்.

தமிழ் இவ்வேலையைப் பெரிதும் வேறிடத்தில் வைத்துச் செய்கிறது. ‘மழை பெய்தது என்று அவர் சொல்லவில்லை’ என்றால், பெய்ததா இல்லையா என நமக்குத் தெரியாது. ‘மழை பெய்ததை அவர் சொல்லவில்லை’ என்றால் பெய்தது உறுதி; அவர்தாம் சொல்லாமல் விட்டுவிட்டார். ‘பெய்ததாகச் சொன்னார்’ என்பதில் சிறு விலகல். ‘பெய்ததாம்’ என்பதில் இன்னும் பெரிய விலகல். ‘சொல்’ என்னும் வினை அசையாமல் இருக்க, அதற்கு முன் வரும் தொடரின் ஈறு மாறுகிறது. ஈறுகளில் இவ்வளவு கவனமாய் இருக்கும் நாம், ஆங்கிலத்துக்குப் போனதும் அதே சுமை வினையின் தலையில் ஏறியிருப்பதைக் கவனிப்பதில்லை. பட்டியல் கையில் இருக்கிறதே!

இதை இவ்வளவு விரித்து எழுதக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பியிருந்தேன். நான் களப்பணி செய்யும் மலைக்கிராமத்தில் ஒரு மூதாட்டி, குறிப்பிட்ட ஒரு வினைவடிவத்தைத் தம் தாயார் அன்றாடம் வழங்கினார் என்றும், தாம் வழங்குவதில்லை என்றும் சொன்னார். ‘சேஸ்’ என்றே எழுதினேன். திருத்தம் பெற்று வந்த படியில் அது ‘கிளெய்ம்ஸ்’ என மாறியிருந்தது. அதே பத்தியில், அவ்வடிவம் அம்மொழியில் இல்லவே இல்லை என முன்பு எழுதிய ஆய்வாளர் ஒருவருக்கு நான் இட்டிருந்த ‘ஸ்டேட்ஸ்’, ‘ஷோஸ்’ ஆகியிருந்தது. பிறந்தது முதல் அம்மொழியில் வாழ்பவருக்கு ஐயம். சில வாரம் தங்கிக் கேட்டுச் சென்றவருக்கு உறுதி. திருத்தியவர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் கருதவில்லை. ‘சேஸ்’ என்பது பேச்சுநடை, ஆய்வுக்கு ஆகாது என்று மட்டுமே எண்ணியிருக்கலாம். ஆனால் எந்த எழுவாய்க்கு எந்த வினை என்பதை அவர் கை தானாகவே தெரிந்துவைத்திருந்தது.

அதன்பின் படிக்கும் கட்டுரைகளில் எல்லாம் இவ்வினைகளின் எழுவாயைப் பார்க்கத் தொடங்கினேன். பேசுநர்கள் ‘ஃபீல்’ செய்கிறார்கள், ‘பிலீவ்’ செய்கிறார்கள், ‘கிளெய்ம்’ செய்கிறார்கள். நூலாசிரியர்கள் ‘ஷோ’ செய்கிறார்கள், ‘எஸ்டாப்ளிஷ்’ செய்கிறார்கள். நான் எண்ணிக்கை எடுக்கவில்லை. கண்ணில் பட்டதைத்தான் சொல்கிறேன். ஆங்கில விக்கிப்பீடியாவின் நடைக் கையேடுகூட, ‘கிளெய்ம்’ என்பது சொன்னவரின் நம்பகத்தன்மையைக் கேள்விக்குள்ளாக்கக்கூடும் என்று எச்சரிக்கிறது. ஆய்விதழ்களுக்கு அந்த எச்சரிக்கை இன்னும் போய்ச் சேரவில்லை போலும்.

பேசுநரின் கூற்றை அப்படியே ஏற்க முடியாது என்று நண்பர்கள் வாதிடுவார்கள். சரிதான். தாம் பேசுவதாக மக்கள் நினைப்பதும் உண்மையில் பேசுவதும் வேறுபடலாம் என்பதை லபோவின் 1966ஆம் ஆண்டு நியூயார்க் ஆய்வே காட்டியது. (இங்கே ‘காட்டியது’ என்று எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை.) அப்படியானால் அந்த ஐயத்துக்கு என் கட்டுரையில் ஒரு முழு வாக்கியம் கொடுக்கிறேன்: மூதாட்டியின் நினைவு, வேறு சான்றின்மை, என் பதிவின் எல்லை. வாசகர் எடைபோடட்டும். வாக்கியமாக வந்தால் அதை மறுக்கலாம். வினைக்குள் ஒளிந்திருந்தால் மறுக்கவும் வழியில்லை.

இருவருக்கும் ஒரே வினை வேண்டும் என்று இதழுக்கு எழுதினேன். இரண்டு சுற்றுக் கடிதங்களுக்குப் பின், ஆய்வாளருக்கு ‘ஸ்டேட்ஸ்’ திரும்பி வந்தது. மூதாட்டிக்கு ‘ரிப்போர்ட்ஸ்’ கிடைத்தது. கட்டுரை அப்படியே வெளிவந்திருக்கிறது. ஆய்வேட்டின் நான்காம் இயலில் இருவரும் ‘சேஸ்’.