பத்மினிக்கும் முதுகு வலி!

"பத்மினியை விற்றுவிடலாம் என்று பார்க்கிறேன்" என்று என் கணவர் ஒரு நாள் காலையில் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார். எங்கள் வீட்டுக்கு அன்றுதான் புதிதாக வேலைக்கு வந்திருந்த பெண்மணி, கையிலிருந்த தட்டைத் தொப்பென்று கீழே போட்டுவிட்டாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? பத்மினி என்பது எங்கள் வீட்டுக் கார்!

1988-ல் என் மாமனார் ஆசையாக வாங்கிய வண்டி அது. 'பியட்' என்ற பெயரில் பம்பாயில் தயாராகிக்கொண்டிருந்த காருக்குப் பிற்பாடு வைத்த பெயர்தான் பிரீமியர் பத்மினி. ஸ்டியரிங்கை ஒட்டியே கியர் போடும் தண்டு, உருண்டைக் கண்கள் போல விளக்குகள் என்று பழைய காலத்து லட்சணங்கள் எல்லாம் அதற்கு உண்டு. மாமனார் போய்ப் பல வருஷங்கள் ஆகியும் வண்டி மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை.

நான் சொல்லும் சமாசாரம் 2023-ல் நடந்தது. அந்த வருஷம் வண்டியின் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய முறை. பதினைந்து வயது தாண்டிய சொந்தக் காரை 5 வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும் அல்லவா? 600 ரூபாயாக இருந்த அதன் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக ஏறியிருந்தது. "கட்டணமும் கட்டி, ரிப்பேரும் செய்து, இந்தக் கிழவியைக் கட்டி மேய்க்க வேண்டுமா?" என்பது அவருடைய வாதம்.

அந்தச் சமயத்தில்தான் என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். முதுகெலும்பில் ஒரு கண்ணி நசுங்கிவிட்டது. "ஆபரேஷன் வேண்டாம். இடுப்புக்குப் பட்டை கட்டிக்கொண்டு, வாரம் ஒரு நாள் பயிற்சிக்கு வந்தால் போதும். ஆனால் உடம்பு குலுங்கவே கூடாது" என்றார் டாக்டர்.

குலுங்கக் கூடாது! நாங்கள் இருப்பது மேற்கு மாம்பலம். ஆஸ்பத்திரி இருப்பது அடையாறில். ஆட்டோவில் அத்தையால் ஏறவே முடியவில்லை. டாக்ஸிக்குப் போக வர வாரா வாரம் கொடுத்துக் கட்டுப்படி ஆகவில்லை. கடைசியில் பத்மினிதான் கதி.

முதல் வாரம் அத்தை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வாரம், வீடு திரும்பியதும், "வழியில் 17 வேகத்தடை இருக்கிறதம்மா" என்று மட்டும் சொன்னார். மூன்றாவது வாரம் அகஸ்மாத்தாகத் திரும்பிப் பார்த்தேன். அத்தை புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டு, கண்களை இறுக மூடியிருந்தார். என்னைக் கண்டதும் தலைப்பை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

நான்காவது வாரம், "எனக்கு நன்றாகவே குணமாகிவிட்டது. இனிமேல் ஆஸ்பத்திரி வேண்டாம்" என்றார். காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே என் தோளைப் பிடித்துக்கொண்டவருக்கு அதற்குள் எப்படிக் குணமாகும்? அத்தை பயந்தது வலிக்கு மட்டுமல்ல. தன்னால் பிள்ளைக்குச் செலவு வருகிறதே என்பதற்கும்தான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

என்னிடம் சீட்டுப் பணம் 20,000 ரூபாய் இருந்தது. புதிய ஃபிரிட்ஜ் வாங்க உத்தேசித்து வைத்திருந்தது. பழைய ஃபிரிட்ஜின் கதவு சரியாக மூடாது. ஒரு கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். 'இன்னும் ஒரு வருஷம் கயிறே இருக்கட்டும்' என்று தீர்மானித்துவிட்டேன்.

ஒரு பெரிய பட்டறையில் கேட்டதற்கு, அடிப்பாகம் முழுவதையும் மாற்ற 45,000 ஆகும் என்றார்கள். எனவே மாமனார் காலத்திலிருந்து வண்டியைத் தெரிந்த மேஸ்திரியை வரவழைத்தேன். அவர் காரின் முன் மூலையைக் கையால் அழுத்திவிட்டு விட்டார். பத்மினி இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி, மறுபடி ஏறி ஊஞ்சலாடியது. "ஷாக் அப்ஸார்பர் நல்லாயிருந்தா ஒரு தடவை ஏறி நின்னுடணும், அம்மா" என்றார்.

அது என்ன வஸ்து என்று கேட்டேன். உள்ளே எண்ணெய் இருக்கிறதாம். சின்னத் துவாரங்கள் வழியாக அது மெதுவாகத்தான் நகருமாம். எனக்குப் புரிந்துவிட்டது. முறுக்கு நாழியை எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் மாவு தன் வேகத்தில்தானே வரும்? ஓட்டை பெரிதாகிப் போன நாழியில் முறுக்கு எங்கே வரும்? எங்கள் வண்டியின் முன் பக்கத்து நாழிகள் இரண்டும் அப்படித்தான் ஆகியிருந்தன.

பிறகு ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். கடகடவென்று ஆடியது. என் கணவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். அப்போதும் ஆடியது. "பிரேக் போட்டதும் ஆட்டம் நின்னா பேரிங். நிக்கலைன்னா கிங் பின்" என்றார். சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்புவது அந்த ஆணியின்மேல்தான். நம் பாட்டி வீட்டுக் கதவு, குடுமியின்மேல் திரும்புமே, அதே ஏற்பாடு. குடுமி தேய்ந்தால் கதவு தரையில் இழுக்கும். கிங் பின் தேய்ந்தால் வண்டி நினைத்த பக்கம் போகும். அதைக் கேட்டதும் என் கணவரின் முகம் மாறிவிட்டது. அதோடுதானே அம்மாவை ஏற்றிக்கொண்டு போய்வந்திருக்கிறார்!

பின்பக்கத்தில்தான் பெரிய ஆச்சரியம். பின்னால் இருப்பது அடுக்கடுக்கான இரும்புப் பட்டைகள். இரண்டு வருஷத்துக்கு முன் வண்டி பின்னால் தொங்குகிறது என்று ஓர் இடத்தில் காட்டியபோது, பக்கத்துக்கு ஒரு பட்டை அதிகம் வைத்துத் தூக்கி விட்டிருந்தார்கள். வண்டி நிமிர்ந்து நின்றதில் எங்களுக்குப் பரம சந்தோஷம். ஆனால் பட்டை வளைந்து கொடுத்தால்தான் மேடு பள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும். வளையாவிட்டால், பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பு வாங்கிக்கொள்ளும்.

மேஸ்திரி ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். "முதல்ல உயிர், அப்புறம் சுகம், கடைசியிலே அழகு" என்பது அவருடைய வரிசை. பெயிண்ட், சீட் உறை எல்லாம் தள்ளுபடி. சுருள் ஸ்பிரிங் உடையவில்லை, நெளியவில்லை, அது இருக்கட்டும். பின் ஷாக் அப்ஸார்பர்களில் எண்ணெய்க் கசிவு இல்லை, அவையும் இருக்கட்டும். முன்னால் ஒன்றுதான் ஒழுகியது; ஆனாலும் இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்றார். ஒரு பக்கம் இறுக்கமும் மறுபக்கம் தளர்ச்சியுமாக இருந்தால் வண்டி கோணலாகத் துள்ளும்.

சாமான் வாங்க ஜி.பி. ரோட்டுக்கும் புதுப்பேட்டைக்கும் நானும் கூடவே போனேன். கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்து வாங்குகிற கண்ணுக்கு ரப்பர் புஷ்ஷைப் பார்க்கத் தெரியாதா? நகத்தால் கீறியதும் வெடிப்புத் தெரிந்த பழைய சரக்கை ஒதுக்கிவிட்டேன். கழற்றிய வண்டியின் ஷாக் அப்ஸார்பர் பாதி விலைக்குக் கிடைத்தது. மேஸ்திரி தொடவிடவில்லை. "பழைய இரும்பை வாங்கலாம், பழைய ரப்பரையும் பழைய எண்ணெயையும் வாங்கக் கூடாது" என்றார்.

பட்டைகள் மூன்று நாள் ஸ்பிரிங் பட்டறையில் இருந்தன. அதிகப்படிப் பட்டையைக் கழற்றி எறிந்து, முறிந்திருந்த ஒன்றுக்குப் புதிது போட்டு, மற்றவற்றைப் பழைய வளைவுக்கு அடித்து, நடுவில் கிராபைட் கிரீஸ் தடவிக் கொண்டுவந்தார்கள்.

கடைசி நாள் ஒரு சிறு ரகளை. மேஸ்திரியின் பையன், வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே பட்டைகளின் போல்ட்டுகளை இறுக்கிவிட்டான். மேஸ்திரி அத்தனையையும் தளர்த்தச் சொல்லி, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் பாரம் முழுவதும் சக்கரத்தில் நின்ற பிறகே மறுபடி இறுக்கச் சொன்னார். அந்தரத்தில் இறுக்கினால் ரப்பர் புஷ் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரமே கிழிந்துவிடுமாம். கார் வைத்திருக்கும் சகோதரிகள் இந்த ஒன்றை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கிங் பின் இரண்டும் கடைசலும் 4,800, புஷ்கள் 2,400, முன் ஷாக் அப்ஸார்பர் ஜோடி 3,600, பட்டை வேலை 4,300, மேஸ்திரி கூலி 3,500, சக்கர நேர் பார்க்க 700. ஆக மொத்தம் 19,300 ரூபாய். மீதி 700-க்கு அத்தைக்கு ஒரு நல்ல முதுகுத் திண்டு வாங்கினேன்.

அந்த வருஷம் அக்டோபர் கடைசியில் பம்பாயின் கடைசி பத்மினி டாக்ஸி ஓய்வு பெற்றது என்று பத்திரிகையில் படித்தபோது, எங்கள் பத்மினி பரிசோதனையில் தேறி வாசலில் நின்றுகொண்டிருந்தது.

ரிப்பேருக்குப் பிறகு முதல் வாரம் அத்தையைச் சமாதானப்படுத்தி ஏற்றுவதே பெரும்பாடாயிற்று. "வேண்டாம் அம்மா, எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லிக்கொண்டேதான் ஏறினார். வழி முழுவதும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. அவரும் ஒவ்வொரு வேகத்தடைக்கு முன்பும் வண்டியை நன்றாக நிதானப்படுத்தி ஓட்டினார். அதற்கு ஒரு காசு செலவில்லை. முன்பே செய்திருக்கலாம்!

ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தேன். புடவைத் தலைப்பு கசங்காமல் தோளில் இருந்தது. அத்தை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என்னிடம் ரகசியமாகக் கேட்டார்:

"ஏம்மா, இன்றைக்கு 11 வேகத்தடைதானே வந்தது? மீதி ஆறையும் எடுத்துவிட்டார்களா?"

என் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "ஆமாம் அம்மா, எடுத்துவிட்டார்கள்" என்றார்.

அதன் பிறகு அவர் பத்மினியை விற்கும் பேச்சை எடுக்கவில்லை. ஃபிரிட்ஜுக்கு மட்டும் இன்னும் கயிறுதான்.