எட்டு டேப்பட்டும் ஒரு மண்ணெண்ணெய்த் தட்டும்

அம்பாசடர் எஞ்சினைப் பிரிக்க ஸ்பேனரும் கொஞ்சம் கோபமும் இருந்தால் போதும். திரும்ப மாட்டும்போதுதான் பிரித்தவனின் குணம் தெரியும்.

இந்தக் கதையில் பிரித்தவன் ஒரு கல்லூரி மாணவன். தாத்தாவின் வண்டி, 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் (2014இல் உத்தர்பாரா ஆலையில் உற்பத்தி நின்றுபோனதே, அதே அம்பாசடர்தான்). மேற்பார்வை, தெருமுனை மெக்கானிக் அண்ணன்.

இதில் கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்கில் இருக்கிறது, வால்வுகள் மேலே ஹெட்டில். கேம் டேப்பட்டைத் தூக்கும், டேப்பட் புஷ் ராடைத் தள்ளும், அது ராக்கரின் ஒரு முனையை உயர்த்தும், மறுமுனை வால்வை அமுக்கித் திறக்கும். இப்படி எட்டு ஜோடி.

அண்ணன் ஓர் அட்டையில் எட்டு ஓட்டை போட்டு நம்பரும் எழுதிக் கொடுத்திருந்தார். புஷ் ராடுகளை ஒழுங்காகச் செருகினான். டேப்பட்டுகளை மட்டும், எல்லாம் ஒரே மாதிரிதானே என்று மண்ணெண்ணெய்த் தட்டில் மொத்தமாகப் போட்டுக் கழுவிவிட்டான்.

"தம்பி, எது எந்த ஓட்டையில இருந்துச்சுன்னு இப்ப எப்படிச் சொல்லுவ?"

சொல்ல முடியாது. வருடக்கணக்கில் ஒரே கேம் மேட்டில் உரசி உரசி, டேப்பட்டின் அடிப்பக்கம் அதற்கேற்பத் தேய்ந்திருக்கும். மாற்றிப் போட்டால் இரண்டும் கெடும். நல்லவேளை, கேம் நன்றாக இருந்தது, அதில் புது டேப்பட் போடலாம். எட்டும் தாத்தாவின் பென்ஷனில் வாங்கினார்கள். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவனுக்கு.

அதற்குப் பிறகு காட்டர் மாட்டவே ஒரு மதியம் எடுத்துக்கொண்டான். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்து, நகத்தளவு இரண்டு துண்டுகளை வால்வுத் தண்டின் பள்ளத்தில் உட்கார வைக்க வேண்டும். கிரீஸ் தடவினால் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஓடும்போது கழன்றால் வால்வு சிலிண்டருக்குள் விழும், பிஸ்டன் அதை அடிக்கும். ஒவ்வொன்றையும் மூன்று முறை பார்த்தான்.

கடைசியாக இடைவெளி. கூட்டினால் ஒன்பது வரவேண்டும், கணக்கு அவ்வளவுதான்: 8ஆம் வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது 1ஐ வை, 6 திறந்திருக்கும்போது 3ஐ வை. ஃபில்லர் கேஜ் லேசாகப் பிடித்தபடி நகரவேண்டும். சத்தம் வேண்டாமென்று இறுக்கினால், சூட்டில் நீளும் வால்வு சரியாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வுதான் முதலில் கருகும்.

ஸ்டார்ட் செய்ததும் மெல்ல 'டக் டக்' என்றது.

"என்னடா சத்தம்?" என்றார் தாத்தா.

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே, "நீயே சொல்லு" என்றார்.

"அது இருக்கணும் தாத்தா."