அப்பாவின் தருமி

அப்பாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஏதாவது இருக்கிறதா?

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் மலாய்ப் பெண் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. பாட்டு, பிரார்த்தனை, கிழமைகளின் பெயர், எதுவானாலும் சரி என்றார். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்குப் புதிதாக ஒரு வாக்கியம் சேர்ப்பது பெரிய மலை. ஆனால் பல ஆண்டுகளாக வாய்க்குப் பழகிப்போனவை சில சமயம் அந்த மலையைச் சுற்றிக்கொண்டு தாமாக வந்துவிடுமாம். அதைப் பிடித்துக்கொண்டு மற்ற சொற்களை மெல்ல மெல்ல இழுக்கலாம் என்றார்.

சக்கர நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். முகத்தின் வலது பக்கம் தொங்கிப்போயிருந்தது. அவருக்குத் தேவாரம் தெரியாது. பாட்டு சுத்தமாக வராது. நான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தருமி" என்றேன்.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. ஆனால் அப்பாவின் இடது கண் என் பக்கம் திரும்பியது.

அப்பா பிறந்தது நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். கலிடோனியா, பைராம், விக்டோரியா என்று வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர்களோடு தோட்டங்கள் நிறைந்திருந்த வட்டாரம் இது. மாதம் ஒரு முறை திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டுவார்கள். பாய், தலையணை, வறுத்த கடலை என்று லயமே அங்கே குடியேறிவிடும். அப்படி ஓர் இரவில், பதினான்கு வயதில், அப்பா 'திருவிளையாடல்' பார்த்தார். எல்லாரும் சிவாஜியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு வீடு திரும்பினார்கள். அப்பா மட்டும் நாகேஷைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆயிரம் பொற்காசுப் பரிசுக்கு ஏங்கும் ஏழைப் புலவன் தருமி. கோயிலில் தனியாக நின்று புலம்புவான், சொக்கநாதரோடு சண்டை போடுவான். பாட்டு எழுதித் தருகிறேன் என்று வருகிறவரையே சோதித்துப் பார்ப்பான். பிறகு அரசவையில் மாட்டிக்கொண்டு விழிப்பான். படத்தில் அவன் வருவது கொஞ்ச நேரம்தான். அதை நடித்துக்கொடுக்க நாகேஷுக்குக் கிடைத்தது ஒன்றரை நாள் என்று சொல்வார்கள். 1965இல் வந்த படம். சிவாஜி, சாவித்திரி, நக்கீரராக இயக்குநர் ஏ.பி. நாகராஜனே என்று பெரிய பெரிய ஆட்கள் இருந்த படத்தில், அறுபது ஆண்டுகள் கழித்தும் பேரப்பிள்ளைகள் வரை நடித்துக்காட்டுவது தருமியைத்தான்.

1974இல் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் இளைஞர்கள் நாடகம் போட்டபோது தருமி வேடம் அப்பாவுக்கு வந்தது. வேட்டி, துண்டு, கக்கத்தில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம். கிராணி ஐயா மேடைக்கு வந்து பத்து வெள்ளி அன்பளிப்பு கொடுத்தாராம். பாட்டி சாகும்வரை இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பத்து வெள்ளி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஏறி, கடைசியில் ஐம்பது வெள்ளியாகிவிட்டது.

நாகேஷைப் பற்றி அப்பா பேசினால் ஒரு பக்தர் பேசுவது மாதிரி இருக்கும். கன்னடம் பேசும் குடும்பம், தாராபுரத்தில் வளர்ந்தவர், இளமையில் அம்மை போட்டு முகம் முழுவதும் தழும்பு. "அந்த மூஞ்ச வச்சிக்கிட்டு நடிக்கப் போறேன்னு சொல்ல என்னா தைரியம் வேணும் பாரு" என்பார்.

சென்னையில் ரயில்வேயில் குமாஸ்தா வேலை. அங்கே ஊழியர்கள் போட்ட நாடகத்தில் வயிற்று வலிக்காரனாக ஒரு துண்டு வேடம். தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். அந்தத் துண்டு வேடத்தைத்தான் பாராட்டிக் கோப்பை கொடுத்தார். தியாகராய நகர் கிளப் ஹவுஸில் பின்னாளில் பெரிய கவிஞரான வாலியோடு சேர்ந்து வறுமையைப் பங்கு போட்டுக்கொண்ட காலம் உண்டு. 1959இல் 'தாமரைக்குளம்' முதல் படம். அதற்குப் பிறகும் உடனே கதவு திறந்துவிடவில்லை.

மேடையில் அவரைச் சரியாகப் பார்த்தவர் கே. பாலசந்தர். அவரும் அப்போது கணக்காயர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர்தான். பகலில் கோப்பு, மாலையில் ஒத்திகை. 'சர்வர் சுந்தரம்', 'நீர்க்குமிழி', 'எதிர்நீச்சல்' எல்லாம் மேடையிலிருந்து திரைக்குப் போனவை. மூன்றிலும் நாகேஷ். ஒன்றில் ஓட்டல் சர்வர். ஒன்றில் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்துகொண்டு மற்றவர்களைச் சிரிக்கவைக்கும் நோயாளி. ஒன்றில் மாடிப்படிக்குக் கீழே குடியிருந்து எல்லா வீட்டுக்கும் வேலை செய்யும் அநாதைப் பையன். வேறு படங்களில் இவர்கள் கதாநாயகனுக்குப் பின்னால் மங்கலாகத் தெரிவார்கள். இங்கே அவர்களே கதை.

இந்த உண்மை எனக்கு மிகத் தாமதமாகத்தான் உறைத்தது. காரணம், என் அப்பாவும் ஒரு சர்வர்.

தோட்டம் துண்டு துண்டாகக் கைமாறி லயம் காலியானபோது, அப்பா நிபோங் திபால் பட்டணத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மேசைக்கு ஆளாகச் சேர்ந்தார். தோளில் துண்டு, காதில் பேனா. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த வேலை. இலை போடுவது, சாம்பார் ஊற்றுவது, தே தாரிக் சுமப்பது. அவருக்குக் கடையில் பெயரே கிடையாது. "அண்ணே!" என்று எந்த மேசையிலிருந்து யார் கூப்பிட்டாலும் அது அவர்தான்.

பள்ளியில் பாரம் நிரப்பும்போது, அப்பாவின் தொழில் என்ற கோட்டில் நான் 'வியாபாரம்' என்று எழுதினேன்.

2003. எனக்குப் பதினைந்து வயது. டியூஷனில் புதிதாகச் சேர்ந்த வெளியூர்த் தோழிகள் நால்வர், வகுப்பு முடிந்து பசி என்று சொல்லி நேராக அந்தக் கடைக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள். அவர்களிடமும் 'வியாபாரம்' என்றுதான் சொல்லியிருந்தேன். காரணம் சொல்லித் தடுக்கவும் தெரியவில்லை, ஓடவும் முடியவில்லை. கடைசி நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

அப்பா வந்தார். மேசையைத் துடைத்தார். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஒரு நொடி இருக்கும். "என்ன வேணும்மா?" என்று எல்லாரையும் கேட்ட அதே குரலில் என்னையும் கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "தே ஓ" என்றேன். ஐந்து கிளாஸும் ஐந்து தட்டு ரொட்டி சானாயும் வந்தன. காசு கொடுத்த தோழிக்கு மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். "நன்றிம்மா" என்றார்.

அன்று இரவு வழக்கம்போல வடைப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார். "படிச்சியாம்மா?" என்று கேட்டார். அந்த மத்தியானத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்குப் பிறகு எப்போதுமே இல்லை.

நாகேஷ் 2009 ஜனவரி 31 அன்று இறந்தார். சீனப் பெருநாள் விடுமுறை வாரம், பல்கலைக்கழகத்திலிருந்து வீட்டுக்கு வந்திருந்தேன். வானொலியில் செய்தி கேட்ட அப்பா, "நாகேஷ் போயிட்டாரும்மா" என்று சொந்தக்காரர் மாதிரி சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் உட்கார்ந்தார். அன்று இரவு பழைய டிவிடியைத் தேடி எடுத்து 'சர்வர் சுந்தரம்' போட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

1964இல் வந்த படம், கிருஷ்ணன் - பஞ்சு இயக்கம். அழகில்லாத ஓர் ஓட்டல் சர்வர் காதலிக்கிறான், அந்தக் காதல் தனக்கில்லை என்று அறிகிறான், சினிமாவில் பெரிய நடிகனாகிறான். புகழ் வந்த நேரத்தில் அம்மாவை இழக்கிறான். கடைசியில் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் பழையபடி சர்வர் உடுப்பைப் போட்டுக்கொள்கிறான்.

நான் கதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த நடை இருக்கு பாரு, அதுதான் சர்வர் நடை. கால் ஓடணும், தோள் ஆடக் கூடாது. ஆடுச்சுன்னா தண்ணி கொட்டிரும். யாரையோ பார்த்துக் கத்துக்கிட்டிருக்காரு மனுசன்" என்றார். பிறகு, "நம்மள மாதிரி ஆளையும் ஒருத்தர் உத்துப் பார்த்திருக்காரு இல்ல?" என்றார்.

அந்த வார்த்தை என்னை எங்கே அடித்தது என்று அவருக்குத் தெரியாது. உத்துப் பார்க்காதவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு நாகேஷை நானாகவே தேடித் தேடிப் பார்த்தேன். 'காதலிக்க நேரமில்லை'யில் டி.எஸ். பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் நாகேஷ் எல்லாருக்கும் தெரியும். அதே மனிதர் 'அபூர்வ சகோதரர்க'ளில் பயமுறுத்தும் வில்லன். 'நம்மவ'ரில் மகளைப் பறிகொடுத்த பேராசிரியராக உடைந்துபோவார். தேசிய விருது அதற்குத்தான் கிடைத்தது. அதே 1994இல் வந்த 'மகளிர் மட்டும்' படத்தில் அவருக்குப் பிணம் வேடம். வசனம் இல்லை, அசைவு இல்லை, கண்ணைத் திறக்க முடியாது. உடம்பெல்லாம் வேகமாக இருந்த நடிகர் அந்த வேகத்தையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, சும்மா கிடந்தே நம்மைச் சிரிக்கவைத்தார். 2008இல் 'தசாவதாரம்' வரை நடித்தவருக்குப் பத்ம விருது எதுவும் வரவில்லை. ஜெர்ரி லூயிஸோடு ஒப்பிடப்பட்டவர், ஆனால் ஓரத்து ஆளாகவே கணக்கெடுக்கப்பட்டவர்.

இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான். நாகேஷ் தமக்குக் கிடைக்காததைப் பற்றி நடிப்பில் முறையிட்டதில்லை. கிடைத்தது தழும்பு முகமா, ஒல்லி உடம்பா, ஒன்றரை நாளா, பிணமா, அதற்குள் எவ்வளவு செய்ய முடியுமோ அவ்வளவும் செய்தார். 2003இல் ஒரு மேசை முன்னால் என் அப்பாவுக்குக் கிடைத்தது ஒரு நொடி. அதற்குள் மகளின் வெட்கத்தைப் புரிந்துகொண்டு, தன் வருத்தத்தை மறைத்துக்கொண்டு, அந்நியராக நடித்து என்னைக் காப்பாற்றினார். அவர் நடித்ததிலேயே பெரிய வேடம் அது. கிராணி ஐயா அன்பளிப்பு கொடுக்க அங்கே இல்லை.

மீண்டும் பயிற்சி அறைக்கு வருகிறேன். முதல் வாரம் கைப்பேசியில் தருமி காட்சியைப் போட்டுக் காட்டினோம். அப்பாவின் உதடு அசைந்தது, ஒலி வரவில்லை. மூன்றாம் வாரம் புலம்பலின் தாளம் மட்டும் வந்தது, சொல் இல்லாமல். இரண்டாம் மாதம் ஒரு சொல். பிறகு மூன்று. ஒரு நாள் இடது கையால் தலையில் அடித்துக்கொண்டு, பாதி முகத்தால் விழித்து, பாதி வாயால் ஏங்கி, அப்பா தருமியாகவே ஆகிவிட்டார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாத அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு வாங்கிய அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த கைதட்டல்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை முடிந்து, இரண்டாம் பாலம் ஏறி வரும்போதே முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அப்பா பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அந்த மத்தியானத்தைச் சொன்னேன். தோழிகள், சுவர், குனிந்த தலை, பாரத்தில் எழுதிய பொய், எல்லாவற்றையும். "மன்னிச்சிருங்கப்பா" என்று முடித்தபோது குரல் உடைந்துவிட்டது.

அப்பா என்னையே பார்த்தார். இடது கை மெல்ல எழுந்து, தோளில் இல்லாத துண்டைச் சரி செய்தது. மேசையை ஒரு முறை துடைத்தது.

"என்ன... வேணு...ம்மா?"

ஒவ்வொரு எழுத்தாக, வலித்து வலித்து வந்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இடது கண் மட்டும் சிரித்தது.

"தே ஓப்பா" என்றேன், இந்த முறை அவர் முகத்தைப் பார்த்து. பிறகு நானே எழுந்து போய் இரண்டு கிளாஸ் கலக்கிக்கொண்டு வந்தேன். தோள் ஆடாமல்.