கத்ரும் எங்கள் உம்மாவின் கேள்வியும்



எங்கள் வாப்பா வஃபாத்தான இரவு பிள்ளைகளாகிய எங்கள் மூவருக்கும் இன்னும் நிமிடக் கணக்கில் நினைவிருக்கிறது. இஷாவுக்குப் பின் நெஞ்சு பாரமாக இருப்பதாகக் கூறினார்கள். வாயுத் தொந்தரவு என்றெண்ணிச் சுக்குக் கஷாயம் கொடுத்தோம். விடிந்ததும் மருத்துவமனைக்குப் போகலாம் என்றார்கள் உம்மா. ஃபஜ்ரு பாங்கு ஒலிக்கும் முன்னரே வாப்பா எங்களைப் பிரிந்துவிட்டார்கள்.

இத்தாவின் நான்கு மாதம் பத்து நாள்களும் உம்மாவிடம் ஒரே கேள்விதான் இருந்தது. "அன்னைக்கு ராத்திரியே கூட்டிட்டுப் போயிருந்தா பொழைச்சிருப்பாகளே?" ஆறுதல் கூற வந்தவர்கள் அனைவரும், அது அல்லாஹ்வின் நாட்டம் என்றனர். ஒருநாள் உம்மா திருப்பிக் கேட்டார்கள்: "அப்படின்னா நான் விடியட்டும்னு சொன்னதும் எழுதினதுதானே? அதுக்கு என்கிட்ட ஏன் கேள்வி?" எங்களிடம் பதில் இல்லை.

ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவிய காலத்தில், அங்கு சென்றுகொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃக் என்னுமிடத்திலிருந்து மதீனாவுக்குத் திரும்ப முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து விரண்டோடுவதா என அபூஉபைதா (ரலி) வினவினார்கள். ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதிக்கே செல்வதாக உமர் (ரலி) விளக்கினார்கள். செழித்த பக்கத்தில் ஒட்டகத்தை மேய்த்தாலும், வறண்ட பக்கத்தில் மேய்த்தாலும் இரண்டும் அவன் விதிப்படியே அல்லவா என்றும் கேட்டார்கள். கத்ரை நம்புவது முயற்சியைக் கைவிடுவதன்று. முயற்சியும் கத்ருக்குள் அடங்கியதே என்பதை இதிலிருந்து உணர்ந்தோம்.

ஆயினும் உம்மாவின் கேள்வியில் பாதி எஞ்சியிருந்தது. முன்பே எழுதப்பட்டிருப்பின் நம் தேர்வுக்கு என்ன பொருள்? 'முன்பே' என்னும் சொல் காலத்துக்குள் வாழும் நம்முடையது. வெவ்வேறு வேகத்தில் செல்லும் இருவருக்கு 'இப்போது' என்பதே ஒன்றாயிராது என்று 1905இல் ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாடு காட்டியது. படைப்புகளுக்கிடையிலேயே காலம் இத்தன்மையதெனில், காலத்தையே படைத்தவனின் அறிவை நம் நேற்று, நாளைகளால் அளக்கவியலுமா? அவன் அறிந்திருப்பது நம்மைப் பிடித்துத் தள்ளுவதாகாது. உம்மாவுக்கு அன்றிரவு ஏடு எதுவும் காட்டப்படவில்லை. தாம் அறிந்த மட்டில், கணவர் மீதிருந்த அன்போடு முடிவெடுத்தார்கள். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன.

பயன் தருவதில் ஆர்வம் கொள்ளுமாறும், அல்லாஹ்விடம் உதவி தேடுமாறும், அதன்பின் துன்பம் நேரின் 'இப்படிச் செய்திருந்தால்' என்று புலம்பாதிருக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் பணித்ததை அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள் (முஸ்லிம்). இதன் வரிசையை நாங்கள் அதுவரை கவனித்ததில்லை. வருவதற்கு முயற்சி, வந்துவிட்டதற்குப் பொருத்தம். நாங்களோ முயல வேண்டிய இரவில் காத்திருந்தோம். பொருந்திக்கொள்ள வேண்டிய மாதங்களில் 'இருந்தால்' என்று தேய்ந்தோம்.

சென்ற ரமளானில் ஸஹர் வேளையில் உம்மாவுக்கு நெஞ்சு இறுக்கமாயிற்று. "வண்டியை எடு" என்று அவர்களே கூறினார்கள். ஈசிஜி எடுத்துப் பார்த்து, அஞ்ச வேண்டியதில்லை என்றார் மருத்துவர், அல்ஹம்துலில்லாஹ். திரும்பும் வழியில் உம்மா மெல்லச் சொன்னார்கள்: "இப்ப கிளம்பி வந்ததும் எழுதினதுதான்." நெடுநாளுக்குப் பின் அவர்கள் முகத்தில் அமைதியைக் கண்டோம்.

வாப்பாவின் கப்ரை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக. 'இருந்தால்' என்ற சொல்லால் இரவுறக்கம் இழந்திருக்கும் ஒவ்வோர் இல்லத்துக்கும் அவன் ஆறுதல் அருள்வானாக. ஆமீன்.